தாழ்ச்சி யாருக்கு?

கத்தோலிக்க ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழு. முதலாவது ஆங்காரம். அதற்கு எதிரான புண்ணியம் தாழ்ச்சி. சீர்திருத்தச் சபைகளில் இதையே பெருமை என்றும் மனத்தாழ்மை என்றும் சொல்வார்கள். பெயர் எதுவானாலும் போதனை ஒன்றுதான். மனுசனைக் கெடுப்பது தலைக்கனம். அதை விட்டொழி, குனி, உன்னை ஒன்றுமில்லாதவனாக எண்ணு. அகுஸ்தீனார் காலத்திலிருந்து திருச்சபை இதைச் சொல்லி வருகிறது.

போதனையில் தப்பில்லை. அது யார் காதில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

தமிழ் இலக்கணம் இங்கே நமக்கு ஒரு வழி காட்டுகிறது. தாழ்தல் தன்வினை. தாழ்த்துதல் பிறவினை. தாழ்த்தப்படுதல் செயப்பாட்டு வினை. தாழ்ச்சி என்ற புண்ணியமும் தாழ்த்தப்பட்டோர் என்ற பெயரும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆனால் ஒன்றில் செய்கிறவன் நான். மற்றதில் எனக்குச் செய்கிறவன் வேறொருத்தன். ஒசந்த இடத்தில் நிற்கிறவன் தானாக இறங்கி வந்தால் அது தாழ்ச்சி. பிடித்துத் தள்ளப்பட்டுக் கீழே கிடக்கிறவனிடம் போய் 'இன்னும் கொஞ்சம் தாழ்ந்து போ' என்று சொன்னால் அதற்கு என்ன பெயர்? அவன் எங்கிருந்து இறங்குவான்?

நானூறு வருசத் தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் இந்த இரண்டு வினைகளும் ஒன்றாகக் குழப்பப்பட்டன. இறங்க வேண்டியவர்கள் ஏறிய இடத்திலேயே இருந்தார்கள். இறங்க இடமில்லாதவர்களுக்குத் தாழ்ச்சி போதிக்கப்பட்டது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

1

இராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலிய சேசு சபைக் குரு 1606இல் மதுரைக்கு வந்தார். அதற்கு முன்பே அங்கே ஒரு போர்ச்சுகீசியக் குரு இருந்தார். அவரிடம் மேல்சாதிக்காரர்கள் வரவில்லை. பரங்கி என்றால் மாட்டிறைச்சி தின்கிறவன், மது குடிக்கிறவன், தீண்டத்தகாதவரோடு புழங்குகிறவன் என்று ஒதுக்கினார்கள். நொபிலி காவி கட்டினார், மரக்கறி உண்டார், பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். தான் பரங்கி இல்லை, உயர்குடிப் பிறந்த துறவி என்றார். அவர் புலமையை யாரும் மறுக்க முடியாது. தமிழ் உரைநடைக்கு அவர் செய்ததும் சின்ன காரியமில்லை. ஆனால் அந்த வேடத்தின் விலையைக் கொடுத்தவர்கள் யார்? ஒடுக்கப்பட்ட சாதியாரோடு அவர் வெளிப்படையாகப் பழக முடியாது. பழகினால் வேடம் கலைந்துவிடும்.

1640இல் இதற்கு ஒரு ஏற்பாடு கண்டுபிடித்தார்கள். பண்டாரசாமிகள் என்று இன்னொரு வகைக் குருக்கள். மேல்சாதிக்குச் சந்நியாசிக் குரு, மற்றவர்க்குப் பண்டாரக் குரு. ஒரே சபை, ஒரே வேதம், ஒரே நற்கருணை. ஆனால் அதைக் கொடுக்கிற கைகள் வேறு வேறு. தாழ்ச்சியை விரதமாக ஏற்ற துறவிகளே சாதிப்படி பந்தி பிரிந்துபோனார்கள்.

நொபிலியின் முறைகள் பற்றி உரோமையில் வழக்கு நடந்தது. பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி 1623இல் அதற்குத் தீர்ப்புச் சொன்னார். பூணூல், குடுமி, சந்தனம் முதலியவற்றைச் சில நிபந்தனைகளோடு வைத்துக்கொள்ளலாம் என்றார். இதை எல்லோரும் எழுதுகிறார்கள். அதே ஆணையில் இன்னொரு பகுதி உண்டு. குலப்பெருமை பேசுகிறவர்கள் எளிய குலத்தாரை இகழக் கூடாது, குறிப்பாகக் கோயிலில் இகழக் கூடாது, அவர்களை ஒதுக்கிவிட்டுத் தனியாக இறைவார்த்தை கேட்பதும் அருட்சாதனம் பெறுவதும் கூடாது என்ற வேண்டுகோள் அது. அதாவது, ஆங்காரம் எங்கே இருக்கிறது என்று உரோமைக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. பூணூலுக்குக் கிடைத்தது அனுமதி. அது நடைமுறைக்கு வந்தது. ஆங்காரத்தை விடச் சொன்னது வேண்டுகோள். அது ஏட்டிலேயே நின்றது.

1704இல் பாப்பரசரின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். சாகக் கிடக்கிற பறையர் கிறித்தவர்களின் வீட்டுக்கே போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. இதற்கு ஓர் ஆணை தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள். குருவானவர் சேரிக்குள் கால் வைப்பதில்லை. வைத்தால் மேல்சாதிக்காரன் அவரைத் தன் வீட்டுக்குள் விடமாட்டான். ஆணை பிறந்த பிறகும் நாற்பது வருசம் வாதாடினார்கள். கடைசியில் 1744இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் முடிவுகட்டியபோது எப்படி முடிந்தது? பறையர்களுக்கென்று தனியாகக் குருக்களை வைத்துக்கொள்கிறோம் என்று சேசு சபை சொன்னது, அது ஏற்கப்பட்டது. சாகிறவன் வீட்டு வாசலில் குனிந்து நுழைவதுதான் தாழ்ச்சியின் முதல் பாடம். அந்தப் பாடத்தையும் ஆள் வைத்துப் படிக்க வழி தேடினார்கள்.

2

அடுத்த வருசம், 1745 அக்டோபரில், அதே புதுச்சேரியில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் கிறித்தவரல்ல. பறையர்களுக்கு வேண்டியவரும் அல்ல. அதனாலேயே அவர் சாட்சிக்கு மதிப்பு அதிகம்.

சம்பா கோயிலுக்குள் ஒரு குறுக்குச் சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர் கிறித்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறித்தவர்கள். பறையர் கிறித்தவர்கள் ஒன்று சேர்ந்து பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் இந்த வேற்றுமை என்று நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்துப்போனார்கள். குருக்களோடு தகராறு, கூட்டம் கூடிப் பேச்சு என்று விவகாரம் கவர்னர் வரைக்கும் போனது.

இந்தச் சம்பவத்தில் நாம் பார்க்க வேண்டியது அந்த முறையீட்டை. தலித் எழுச்சி நேற்று முளைத்தது, வெளியிலிருந்து வந்தவர்கள் தூண்டிவிட்டது என்று பேசுகிறவர்கள் உண்டு. இன்றைக்கு இருநூற்றி எண்பது வருசத்துக்கு முன்னால், எந்த இயக்கமும் எந்தப் பத்திரிகையும் இல்லாத காலத்தில், எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஜனங்கள் தாங்களாகச் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள். வேதத்தை ஒழுங்காகக் கேட்டவர்கள் அவர்கள்தான். அந்த முறையீட்டில் ஆங்காரம் எங்கே இருக்கிறது? சுவர் இடிந்ததற்குக் கொதித்தவர்களிடம் தாழ்ச்சி எங்கே இருக்கிறது?

3

தரங்கம்பாடிக்கு வருவோம். 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கினார். 1707 மே மாதம் அவர் கையால் முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ்காரர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அதாவது, இந்தியாவில் சீர்திருத்தச் சபையின் தொடக்கமே அடிமைகளில் இருக்கிறது. அந்தச் சபை கால் நூற்றாண்டுக்குள் எங்கே வந்து நின்றது என்று பாருங்கள்.

ராஜநாயக்கன் என்று ஒருவர். பறையர் குலம், பிறப்பால் கத்தோலிக்கர், தஞ்சாவூர் மராட்டிய மன்னரின் படையில் வேலை. தமிழில் அச்சான புதிய ஏற்பாட்டின் பகுதிகள் அவர் கையில் கிடைத்தன. சீகன்பால்கு மொழிபெயர்த்தது. அதைத் தானே படித்தார். படித்ததை மற்றவர்களுக்குச் சொன்னார். தரங்கம்பாடியோடு தொடர்பு கொண்டு, படை வேலையை விட்டு, உபதேசியானார். வெளிநாட்டு மிஷனரிகள் தஞ்சாவூர்ச் சீமைக்குள் போக முடியாத காலம் அது. அங்கே சபையைக் கட்டியவர் அவர். எதிர்ப்பும் மிரட்டலும் அடியும் வந்தன. அவர் அசையவில்லை.

1733இல் தமிழர் ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுப்பது என்று தரங்கம்பாடி மிஷன் தீர்மானித்தது. பேசப்பட்டவர்களில் ராஜநாயக்கனும் ஒருவர். இன்னொருவர் கடலூர் வெள்ளாளர் ஆரோன். ராஜநாயக்கனின் திறமையிலோ விசுவாசத்திலோ மிஷனரிகளுக்குச் சந்தேகமில்லை. அவர்கள் எண்ணிப் பார்த்தது வேறு. பறையர் கையால் வெள்ளாளக் கிறித்தவர்கள் இராப்போஜனம் வாங்குவார்களா? அவரைத் தம் வீட்டுக்குள் விடுவார்களா? பட்டம் ஆரோனுக்குப் போனது. 1733 டிசம்பர் 28. இந்தியாவின் முதல் சீர்திருத்தச் சபைக் குரு என்று அவர் பெயரைச் சரித்திரப் புத்தகங்களில் படிக்கிறோம். ராஜநாயக்கன் 1771இல் சாகும் வரைக்கும் உபதேசியாகவே இருந்தார்.

ஆரோனைக் குறை சொல்ல இங்கே ஒன்றுமில்லை. நல்ல போதகர், உழைத்தவர். மிஷனரிகளும் கெட்டவர்கள் இல்லை. ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் வளர்ந்து, தினம் தினம் தம் மனசைத் தோண்டித் தோண்டி அகந்தையைத் தேடிய ஆட்கள். விசயமே இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொருத்தனும் தன் நெஞ்சுக்குள் குனிந்து ஆங்காரத்தைத் தேடினான். அது நெஞ்சுக்குள் மட்டும் இல்லை. உட்காருகிற பாயில் இருந்தது, குடிக்கிற கிண்ணத்தில் இருந்தது, பட்டம் கொடுக்கிற தீர்மானத்தில் இருந்தது. நல்லவர்கள் கூடி, ஜெபம் செய்து, ஆங்காரத்துக்குச் சாதகமாக முடிவெடுத்தார்கள். தனிமனுசப் பாவமாக மட்டும் ஆங்காரத்தைப் பார்க்கிற கண்ணுக்கு இது தெரியாது.

ராஜநாயக்கன் சுமார் நாற்பது வருசம் பொறுமையாக உழைத்ததைத் தாழ்ச்சியின் உதாரணமாகப் பிரசங்கம் செய்யலாம். செய்வார்கள். நாம் கேட்கிறோம்: அவர் தாழ்ந்தாரா, தாழ்த்தப்பட்டாரா?

4

அடுத்த நூற்றாண்டில் தஞ்சாவூர். வேதநாயக சாஸ்திரியார் பெரிய கவி, சரபோஜி மன்னரின் நண்பர். அவர் பாடல்களைப் பாடாத தமிழ்ச் சபை இல்லை. 1820களில் வந்த இளம் மிஷனரிகள் பழைய வழக்கங்களை மாற்றத் தொடங்கினார்கள். சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். நான்கு கொடுமைகள் என்று பட்டியல் போட்டார். பழகிய தமிழ் வேதாகமத்தை மாற்றியது, விழாவில் பூ வைப்பதைத் தடுத்தது, தமிழ்ச் சங்கீதத்தைத் தடுத்தது, இராப்போஜனத்தில் சாதி வேறுபாடில்லாமல் எல்லோரையும் ஒன்றாக்கியது.

முதல் மூன்றில் நியாயம் இருக்கிறது. பூவும் பாட்டும் வேண்டாம் என்று சொல்ல வெள்ளைக்காரன் யார்? ஆனால் நாலாவது எப்படி அந்த வரிசையில் வந்து உட்கார்ந்தது? தமிழனின் பாட்டைப் பறிப்பதும், பறையனோடு ஒரே பந்தியில் உட்காரச் சொல்வதும் எப்படி ஒரே மாதிரிக் கொடுமையாகும்? பண்பாட்டு உரிமை என்ற கூடைக்குள் சாதியையும் வைத்துத் தூக்குகிற தந்திரம் இன்றைக்கு வந்ததில்லை. அதற்கு இருநூறு வயசு.

கீர்த்தனை மரபைக் கொஞ்சம் யோசியுங்கள். பக்தன் கடவுள் முன்னால் தன்னைப் பாவி என்பான், புழு என்பான், தூசி என்பான். உருகிப் பாடுவான். பாடி முடித்து எழுந்தால் அவன் வெள்ளாளன். கடவுளுக்கு முன்னால் புழு, பக்கத்தில் இருக்கிறவனுக்கு முன்னால் பிள்ளைவாள். மேலே பார்த்துத் தாழ்வதற்குச் செலவில்லை. பக்கத்தில் பார்த்து இறங்குவதற்குத்தான் செலவு.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். சாதியைத் தாமதமில்லாமல், முழுசாக, இனித் திரும்பாதபடி விட்டுவிட வேண்டும் என்றார். கோயிலில் தனி இடம் கூடாது, திருவிருந்தில் முன்பின் பார்க்கக் கூடாது என்றார். கடிதம் வாசிக்கப்பட்டதும் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். சிலர் பின்னால் திரும்பினார்கள். பலர் சாதியைச் சகித்துக்கொண்ட லைப்சிக் லுத்தரன் மிஷனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் திருக்குறளை மொழிபெயர்த்தவர், தமிழை நேசித்தவர். சாதி சமூக வழக்கம், அதைப் பலவந்தமாக உடைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. 1850இல் சென்னையில் மற்ற மிஷன்கள் கூடி, சாதியை விட்டதற்கு அடையாளமாகப் பறையர் சமைத்ததை உண்ணாதவரைத் திருவிருந்தில் சேர்ப்பதில்லை என்று அறிக்கை விட்டன. லைப்சிக் சேரவில்லை.

ஒரு கவளம் சோறு. அதுதான் கேட்கப்பட்டது. அப்பத்தைத் தேவனுடைய சரீரம் என்று நம்பி வாங்குகிறவர்களுக்கு, அடுத்தவன் சமைத்த சோறு தொண்டையில் இறங்கவில்லை.

5

இது பழைய கதை, மிஷனரி காலத்துக் கதை என்று தள்ள முடியுமா?

வடக்கன்குளம் கோயில் 1872இல் கட்டப்பட்டது. பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கால்கள் மாதிரி இரண்டு கூடங்கள். வெள்ளாளருக்கு ஒன்று, நாடாருக்கும் பிறருக்கும் ஒன்று. கால்சட்டைக் கோயில் என்று ஜனங்கள் பேர் வைத்தார்கள். ஆங்காரத்துக்கு ஒரு கட்டடக் கலையே உருவாயிற்று. 1910இல் கௌசானல் என்ற சேசு சபைக் குரு தடுப்பை நீக்கினார். வெள்ளாளர் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். பிரிந்து உட்காரும் உரிமை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சண்டை பெரும்பாலும் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் நடந்தது. ஆனாலும் நமக்கு அதில் பாடம் உண்டு. சுவர் ஜெபத்தால் கரையவில்லை. கடப்பாரையும் நீதிமன்றமும் தேவைப்பட்டன.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணத்துக்கும் சாதிப் பிணத்துக்கும் நடுவே சுவர். 2010இல் பெரியார் இயக்கத் தோழர்கள் அதன் ஒரு பகுதியை இடித்துக் கைதானார்கள். கிறித்தவர்களின் ஆங்காரத்தை இடிக்கக் கடவுள் மறுப்பாளர்கள் வரவேண்டியிருந்தது. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் பங்குக் கோயிலில் சமமாக நடத்தப்படவில்லை, பிணத்தைப் பொதுத்தெரு வழியாகக் கொண்டுபோக முடியவில்லை. தனிக் கோயில் எழுப்பினார்கள், தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் சாதிக் கிறித்தவர்கள் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு வன்னியக் கிறித்தவர்கள் செத்தார்கள். செத்தவர்களும் ஏழைகள்தான். ஆங்காரம் தன் பிள்ளைகளையும் தின்கிறது.

2003இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் தமிழக ஆயர்களிடமே சாதியைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. ஒப்புக்கொண்டது நல்லது. 1623இல் வேண்டுகோள், 2016இல் அறிக்கை. இடையில் 393 வருசம்.

6

இப்போது மறுபக்கம். கீழே இருந்தவர்கள் நிமிர்ந்தபோது என்ன சொன்னார்கள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டுப் பகுதியில் சேரி ஜனங்கள் கிறித்தவத்தில் சேர்ந்தார்கள். கூலி கேட்டார்கள், நிலம் கேட்டார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூவும் மெதடிஸ்ட் மிஷனின் வில்லியம் கௌடியும் அவர்கள் பக்கம் நின்று எழுதினார்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைபற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசு ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றைக்கும் போராடுகிற நிலத்தின் வேர் அங்கே இருக்கிறது.

பண்ணையார்கள் என்ன சொன்னார்கள்? நம் ஊரில் அதற்கென்றே சொற்கள் உண்டு. திமிர். கொழுப்பு. எகத்தாளம். 'வேதத்துல சேந்ததும் பயலுக்குத் திமிரு ஏறிப்போச்சு.' மேல்துண்டு போட்டால் திமிர், செருப்புப் போட்டால் திமிர், கூலியை எண்ணி வாங்கினால் திமிர். ஆண்டையின் அகராதியில் நம் தன்மானத்துக்குப் பெயர் திமிர். அந்த அகராதியைத் திருச்சபையும் கடன் வாங்கிக்கொண்டது. பங்குப் பேரவையில் கணக்குக் கேட்கிற தலித்துக்கு, தேர் எங்கள் தெருவுக்கும் வரட்டும் என்கிற இளைஞனுக்கு, கிடைக்கிற புத்திமதி என்ன? 'தாழ்ச்சியா இருக்கக் கத்துக்கப்பா.'

அரசும் தன் பங்குக்கு ஒன்று செய்தது. 1950ஆம் ஆண்டு ஆணையில், இந்து அல்லாதவர் பட்டியல் சாதியார் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறித்தவர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். கிறித்தவத்தில் சாதி இல்லை என்பது வாதம். கோயிலில் சாதி உண்டு, கல்லறையில் சாதி உண்டு, சலுகை கேட்டால் மட்டும் சாதி இல்லை.

7

வேதாகமம் உண்மையில் என்ன சொல்கிறது? பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் கிறிஸ்துவின் தாழ்மையைச் சொல்கிறார். தேவனுக்குச் சமமாயிருந்தவர் தன்னையே வெறுமையாக்கி, அடிமையின் கோலம் எடுத்தார் என்கிறார். எங்கே தொடங்குகிறது பாருங்கள். சமமாயிருந்தவர். மேலிருந்து கீழே. தானாக. தன்வினை. அடிமையாகவே பிறக்கவைக்கப்பட்டவனை இன்னும் அடிமையாகு என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. மரியாள் பாடிய பாட்டிலோ இரண்டு அசைவு உண்டு. ஆசனத்தில் இருக்கிறவன் இறக்கப்படுகிறான், தாழ்ந்தவன் உயர்த்தப்படுகிறான். இரண்டும் சேர்ந்துதான் சுவிசேஷம். ஒன்றை மட்டும் வாசித்தால் அது ஆண்டைக்கு எழுதிய சுவிசேஷம்.

1960இல் வாலரி செய்விங் என்ற அமெரிக்கப் பெண் ஒரு கட்டுரை எழுதினார். பாவம் என்றால் ஆங்காரம் என்று இறையியலாளர்கள் சொல்வது ஆண்களின் அனுபவம், பெண்ணின் சிக்கல் தன்னையே இழந்துவிடுவது என்றார். அரவிந்த் பி. நிர்மல் போன்றவர்கள் 1980களில் தலித் இறையியலைத் தொடங்கியபோது இங்கேயும் அந்தக் கேள்வி திறந்தது. துன்பப்பட்ட ஜனங்களின் இடத்திலிருந்து கடவுளைப் பார்த்தால், தன்னை ஒன்றுமில்லாதவனாக நினைப்பது புண்ணியமில்லை. கடவுள் படைத்ததைக் கேவலப்படுத்துவது அது. கன்னியர் மடத்துக்குள் போய் வெளியே வந்த பாமா 1992இல் 'கருக்கு' எழுதினார். தாழ்ச்சி, கீழ்ப்படிதல் என்ற சொற்கள் மடத்துக்குள் யார் மேல் எப்படி விழுகின்றன என்று உள்ளேயிருந்து பார்த்தவர் அவர்.

அப்படியானால் தாழ்ச்சி நமக்கு வேண்டாமா? வேண்டும். இங்கே நாம் நம்மையும் விசாரிக்க வேண்டும். ஏணியில் நமக்கு மேலே இருப்பவனைப் பற்றி நானூறு வருசக் கணக்கு வைத்திருக்கிறோம். நமக்குக் கீழே வைக்கப்பட்டவரைப் பற்றி என்ன கணக்கு? அருந்ததியர் வீட்டில் கை நனைக்கிறோமா? புதிரை வண்ணாரை எப்படிக் கூப்பிடுகிறோம், வயசில் மூத்தவரையும் வாடா போடா என்றுதானே? சேரிக் கூட்டத்தில் பெண் எழுந்து பேசினால், 'ஒனக்கென்னத்துக்கு இதெல்லாம், போய் ஒலய வய்யி' என்கிற குரல் யாருடையது? அது அதே திமிர் அகராதிதான், கை மாறி நம்மிடம் வந்திருக்கிறது. அந்த இடத்தில் நமக்கு உயரம் இருக்கிறது. அங்கே இறங்கினால் அது தாழ்ச்சி. தன்வினை. அந்த இடத்தில் 'நாங்களே ஒடுக்கப்பட்டவர்கள்' என்று சொல்லித் தப்ப முடியாது.

பெரிய வியாழனன்று பாதம் கழுவுகிறார்கள். பன்னிரண்டு பேர் வரிசையாக உட்காருகிறார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் சேரிக்காரர் எத்தனை, அருந்ததியர் எத்தனை, பெண்கள் எத்தனை என்று இந்த வருசம் ஒவ்வொரு பங்கிலும் எண்ணுங்கள். கழுவி முடித்த மறுநாள் அதே காலை எந்தத் தெருவில் நடக்கவிடுகிறார்கள், செத்தால் எந்தப் பக்கம் புதைக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆங்காரத்தை வெல்வது எப்படி என்று பிரசங்கம் செய்கிறவர்கள் கல்லறைச் சுவரிலிருந்து தொடங்கட்டும். நாம் அருந்ததியர் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து தொடங்குவோம். 1850இல் சென்னையில் அவர்களிடம் கேட்ட அதே ஒரு கவளம் சோறு இன்றைக்கு நம்மிடமும் கேட்கப்படுகிறது.